பீனிசத்துக்கு எந்த அன்டிபயோட்டிக் நல்லது என்று கேட்பவர்களுக்கு

தென்மேற்கு மழை இலங்கை மலைநாட்டில் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் இறங்கிவிட்டால் எங்கள் பாமசி கவுண்டரில் ஒரே கேள்விதான். "தம்பி, தலை பாரமா இருக்கு, மூக்கு அடைச்சிருக்கு, சளி மஞ்சளா வருது, பீனிசத்துக்கு நல்ல அன்டிபயோட்டிக்கா பார்த்து ஒரு நாலு தாங்க." ஏன் நாலு மட்டும் கேட்கிறார்கள் என்பது இங்கே பிறந்து வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்குப் போகாவிட்டால் ஒரு பேர், அன்றைய சம்பளம், போய்விடும், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அந்த நாளே போய்விடும், முழுக் கோர்ஸ் வாங்கக் கையில் காசும் இருக்காது. அதற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டொக்டரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக்கூடாது என்பது இந்த நாட்டின் சட்டம், அதைவிட முக்கியமாக அந்த நாலு கெப்சூலால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அதனால் கவுண்டரில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, மருந்து எடுத்துக் கொடுப்பவன். மருந்தைத் தீர்மானிப்பது டொக்டர்தான், ஆனால் அவர் சரியாகத் தீர்மானிக்க என்னென்ன தேவையோ அதை உங்களால் மட்டும்தான் அவருக்குச் சொல்ல முடியும்.

பீனிசம் என்பது மூக்கைச் சுற்றிக் கன்னத்திலும் நெற்றியிலும் உள்ள சைனஸ் என்ற காற்றறைகளில் வரும் அழற்சி. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, திடீரென்று வரும் பீனிசத்தில் பெரும்பாலானது சாதாரண தடிமனை (ஜலதோஷத்தை) கொண்டுவரும் அதே வைரசால் வருகிறது. தடிமன் பிடித்த பெரியவர்கள் நூறு பேரை எடுத்தால் ஒருவர் அல்லது இரண்டு பேருக்குத்தான் அது பக்டீரியாத் தொற்றாக மாறுகிறது. வைரசை அன்டிபயோட்டிக் தொடவே தொடாது. இதைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் அமைப்பின் 2018 அறிக்கையில், அன்டிபயோட்டிக் எடுத்ததால் கூடுதலாகச் சீக்கிரம் குணமானவர்கள் நூற்றுக்கு 5 முதல் 11 பேர்தான், வயிற்றோட்டம் போன்ற பக்கவிளைவு கூடுதலாக வந்தவர்களோ நூற்றுக்கு 13 பேர். எனவே மருந்தின் பெயரைத் தேடுவதற்கு முன்னால் நாளை எண்ண வேண்டும்.

மூக்கு ஒழுகத் தொடங்கிய முதல் நாளைக் கலண்டரில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். அதிலிருந்து பத்து நாள் வரை கொஞ்சம் கொஞ்சமாகவாவது குறைந்துகொண்டு வந்தால் அது வைரஸ், தானாகப் போய்விடும். பத்து நாள் தாண்டியும் ஒரு துளிகூடக் குறையாமல் மூக்கடைப்பு, கெட்டிச் சளி, கன்னத்திலோ நெற்றியிலோ வலி அப்படியே நின்றால் பக்டீரியா என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. இன்னொன்று, ஐந்தாறு நாளில் சரியாகிக்கொண்டு வந்து, "அப்பாடா விட்டது" என்று நினைக்கிற நேரத்தில் திரும்பக் காய்ச்சலும் தலைவலியும் முன்பைவிடக் கூடுதலாக வருவது. இதை டொக்டர்கள் பெரிதாகக் கவனிப்பார்கள், ஆகவே மறக்காமல் சொல்லுங்கள். மூன்றாவது, தொடக்கத்திலேயே 39 பாகை செல்சியஸ், அதாவது 102 பரன்ஹைட்டுக்கு மேல் காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் முகவலியும் மூன்று நான்கு நாள் விடாமல் இருப்பது. இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் அன்டிபயோட்டிக் பற்றிய பேச்சே வருகிறது.

சளியின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மஞ்சள், பச்சை என்று வருவது நம் உடம்பின் வெள்ளணுக்கள் அங்கே வேலை செய்வதால், வைரஸ் தடிமனிலும் மூன்றாம் நான்காம் நாளில் அப்படித்தான் வரும். அதேபோல, புதிதாக வந்த பீனிசத்துக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி டொக்டரை வற்புறுத்த வேண்டியதில்லை. வைரசா பக்டீரியாவா என்பதை எக்ஸ்ரே காட்டாது.

நம் பக்கத்தில் பீனிசம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இருப்பது அலர்ஜி. காலையில் எழுந்து கதவைத் திறந்து பனி முகத்தில் பட்டதும் வரிசையாகத் தும்மல், தண்ணீர் மாதிரி ஒழுகும் மூக்கு, கண் அரிப்பு, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் சரியாகிவிடும், காய்ச்சல் இல்லை. வருடக்கணக்காக இப்படி இருக்கும். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அறையில் விறகடுப்புப் புகை, தேயிலைத் தொழிற்சாலையில் பறக்கும் தூசி, பூஞ்சணம் பிடித்த ஈரச்சுவர் எல்லாம் இதைக் கூட்டும். இதற்கு எத்தனை அன்டிபயோட்டிக் போட்டாலும் கேட்காது. அலர்ஜி மாத்திரை, மூக்குக்கு அடிக்கும் ஸ்டீரொயிட் ஸ்ப்ரே, அடுப்புப் புகை வெளியே போக ஒரு வழி, இவைதான் வேலை செய்யும். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் மேல்தாடைக் கடைவாய்ப் பல்லைப் பாருங்கள். அந்தப் பல்லின் வேர் கன்னத்துச் சைனசுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பல் சொத்தையிலிருந்து தொற்று மேலே ஏறும், பல் டொக்டரிடம் போகாமல் அது தீராது. சின்னப் பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் நாறினால் மூக்குக்குள் பட்டாணியோ பொத்தானோ போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம், டெங்கு. கண்டி, மாத்தளை மட்டுமில்லாமல் கொழும்புக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் இதை நினைவில் வையுங்கள். காய்ச்சலோடு தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி என்றால் பீனிசம் என்று நாமே முடிவு கட்டிவிடக்கூடாது. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை புரூபன் (ஐபுபுரோபன்), டைக்ளோபெனாக், மெபனமிக் அசிட் மாதிரியான வலி மாத்திரைகளைத் தொட வேண்டாம், பனடோல் (பரசிட்டமோல்) மட்டும்.

சரி, அந்தப் பத்து நாளை எப்படிச் சமாளிப்பது? பெரியவர்களுக்குப் பனடோல் 500 மி.கி. இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கிடையாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களும் மெலிந்தவர்களும் அதைவிடக் குறைக்க வேண்டும். மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்து, சைலோமெட்டசொலின், இரண்டு நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும், அதுதான் அதிலுள்ள ஆபத்தும். மூன்று நாள், கூடிப் போனால் ஐந்து நாள். அதற்கு மேல் விட்டால் மருந்து இல்லாமல் மூக்கே திறக்காத நிலை வந்துவிடும். கொத்தமல்லி இஞ்சி அவித்துக் குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆவி பிடித்தால் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டாம், கொதிநீர் சட்டி கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

உண்மையில் உதவி செய்வது உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது. இதை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பீலித் தண்ணீரை, அதாவது மலையிலிருந்து வழிந்துவரும் ஊற்றுத் தண்ணீரை அப்படியே மூக்குக்குள் விடவே கூடாது, குழாய்த் தண்ணீரும்தான். குடிக்கும்போது வயிற்றில் செத்துப்போகும் சில அமீபாக்கள் மூக்கு வழியாகப் போனால் மூளைக்கு ஏறும், அது அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் தப்பாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். எவ்வளவு நேரம்? நுவரெலியா டவுன் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 2,000 மீட்டருக்குக் கீழே என்றால் நன்றாகக் கொதித்து ஒரு நிமிடம், அதற்கு மேலே மூன்று நிமிடம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் கணக்கு. நான் மலைநாட்டில் எல்லாருக்கும் மூன்று நிமிடம் என்றே சொல்வேன், விறகு இரண்டு குச்சி கூடப் போகும், அவ்வளவுதான். அந்த வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிளாசில், அதாவது 250 மில்லிலீற்றரில், அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு சிட்டிகை அப்பச் சோடாவும் கரையுங்கள். ஊசி இல்லாத 20 மில்லிலீற்றர் சிரிஞ்ச் எந்தப் பாமசியிலும் கிடைக்கும். பேசினுக்கு மேலே குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே மேல் பக்க மூக்கில் மெதுவாகத் தள்ளினால் மறுபக்கத்தால் வழியும். எரிந்தால் உப்பு கூடிவிட்டது என்று அர்த்தம். காலையும் இரவும் செய்யுங்கள், சிரிஞ்சைக் கொதித்த தண்ணீரால் கழுவிக் காயவையுங்கள், ஒருவருடையதை இன்னொருவர் பாவிக்க வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் மேலே சொன்ன மூன்று நிலையில் ஒன்று இருந்தால் டொக்டரிடம் போங்கள். அவர் எதை எழுதுவார், ஏன் எழுதுவார் என்று தெரிந்திருந்தால் பயமும் வராது, "இது வீக்கான மருந்து" என்ற குறையும் வராது. சைனசில் தொற்றுகிற பக்டீரியாக்கள் பெரும்பாலும் மூன்று: நியுமோகொக்கஸ், ஹீமோபிலஸ் இன்புளுவென்சே, மொரெக்செல்லா. இவற்றுக்கு முதல் தெரிவு பென்சிலின் வகையைச் சேர்ந்த அமொக்சிசிலின், இல்லாவிட்டால் அதோடு கிளவுலனிக் அசிட் சேர்ந்த கோஅமொக்சிகிளேவ், நம் ஆட்கள் ஒக்மென்டின் என்றே சொல்வது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த இரண்டையும்தான் சொல்கிறது, அதுவும் பெரியவர்களுக்கு ஐந்து நாள். அமொக்சிசிலின் பழைய மருந்து, விலை குறைந்தது, தோட்டத்து டிஸ்பென்சரியிலும் கிடைப்பது; அதனாலேயே அதை மட்டமாக நினைக்கிறார்கள். நியுமோகொக்கசுக்கு எதிராக அது இன்றைக்கும் நல்ல மருந்து.

அப்படியானால் கோஅமொக்சிகிளேவ் எதற்கு? ஹீமோபிலசிலும் மொரெக்செல்லாவிலும் ஒரு பகுதி அமொக்சிசிலினை உடைத்துப் போடும் என்சைம் ஒன்றை விடும், கிளவுலனிக் அசிட் அந்த என்சைமைக் கட்டிப்போடுகிறது. கடந்த ஒரு மாதத்துக்குள் ஏதாவது அன்டிபயோட்டிக் எடுத்தவர்கள், 65 வயது தாண்டியவர்கள், சீனி வருத்தம் போன்ற நோயுள்ளவர்கள், நோய் கடுமையாக இருப்பவர்கள், அமொக்சிசிலினுக்குக் கேட்காதவர்கள், இவர்களுக்கு டொக்டர்கள் பெரும்பாலும் இதைத் தெரிவு செய்வார்கள். வழமையாக 625 மி.கி. மாத்திரை நாளுக்கு மூன்று, அல்லது 1 கிராம் மாத்திரை நாளுக்கு இரண்டு. சாப்பாடு தொடங்கும்போதே போடுங்கள், வயிற்றைப் புரட்டுவது குறையும். வயிற்றோட்டம் கொஞ்சம் வரலாம். முன்பு எப்போதாவது இந்த மருந்தால் கண் மஞ்சளாகியிருந்தால் திரும்ப எடுக்கவே கூடாது.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டொக்சிசைக்ளின் ஒரு நல்ல வழி, பொதுவாக முதல் நாள் 200 மி.கி., பிறகு நாளுக்கு 100 மி.கி. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை. இந்தக் கெப்சூலை ஒரு மிடறு பிளேன்டீயோடு விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும்; ஒரு முழுக் கிளாஸ் தண்ணீர் குடித்து அரை மணித்தியாலமாவது நிமிர்ந்து இருங்கள். வெயிலில் தோல் எரியும், கொழுந்து எடுக்கப் போகிற அக்காமார் முழுக்கை சட்டை, தலைக்குத் துணி என்று போக வேண்டும். இரத்தக்குறைவுக்கு இரும்பு மாத்திரை எடுக்கிறவர்கள் நம்மில் அநேகம், இரும்பு இந்த மருந்தைக் கட்டிக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மூன்று மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள், அல்லது அந்தச் சில நாளைக்கு இரும்பை நிறுத்தலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். வயல் வேலைக்காரர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க சுகாதாரப் பரிசோதகர்கள் கொடுப்பதும் இதே டொக்சிசைக்ளின்தான், அதில் மீதி வீட்டில் இருக்கிறது என்பதற்காகப் பீனிசத்துக்கு எடுத்துவிடாதீர்கள்.

இனி, ஆட்கள் பெயர் சொல்லிக் கேட்கும் மருந்துகள். அசித்ரோமைசின், "மூணு நாள் மாத்திரை", நாளுக்கு ஒன்று என்பதால் எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் நியுமோகொக்கஸ் இதற்கு நிறையவே எதிர்ப்பு வளர்த்துவிட்டது, அதனால் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012லேயே பீனிசத்துக்கு இதை முதல் மருந்தாகப் பாவிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. செபலெக்சின் தோல் புண்ணுக்கு நல்லது, ஹீமோபிலசுக்கு எதிராக அவ்வளவு வேலை செய்யாது. சிப்ரொபுளொக்சசின் நியுமோகொக்கசுக்குப் பலமில்லாதது. லீவோபுளொக்சசின் வேலை செய்யும், ஆனால் தசைநார் அறுவது, நரம்புப் பாதிப்பு போன்றவை வரக்கூடியதால் வேறு வழி இருக்கும்போது பீனிசத்துக்கு இந்த வகையைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்தது. சீனிக்கு மாத்திரை எடுக்கிறவர்களுக்கு இது சீனியைத் திடீரென்று இறக்கியும் விடும். ஊசி போட்டால்தான் கேட்கும் என்பதும் சரியில்லை, விழுங்க முடிந்தவருக்கு மாத்திரையே போதும்.

டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் கேட்காமலே சொல்ல வேண்டியவை: எத்தனையாவது நாள், இடையில் குறைந்து கூடியதா, கடைசியாக எப்போது என்ன அன்டிபயோட்டிக் எடுத்தீர்கள், கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா, சிறுநீரகம் ஈரல் பிரச்சினை உண்டா, தினமும் எடுக்கும் மருந்து என்ன. கடைசிக் கேள்விக்கு கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் நீட்டினாலே போதும். பென்சிலின் அலர்ஜி என்றால் என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்லுங்கள். மாத்திரை போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்தது என்றால் அது உண்மையான ஆபத்து, அமொக்சிசிலினும் ஒக்மென்டினும் இரண்டுமே கூடாது, ஒன்றுக்குள் மற்றது இருக்கிறது. வயிறு புரட்டியது, ஒருதரம் வாந்தி வந்தது என்றால் அது அலர்ஜி இல்லை. பென்சிலின் அலர்ஜி என்று கொப்பியில் எழுதப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குச் சோதித்துப் பார்த்தால் அலர்ஜி இருப்பதில்லை, வீணாக நல்ல மருந்தை இழந்திருப்பார்கள்.

மருந்து கையில் கிடைத்ததும் அந்தச் சின்னக் கவரைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கெழுத்திலோ சிங்களத்திலோ எழுதியிருக்கும். விளங்காவிட்டால் தயங்காமல் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதத் தெரியாவிட்டால் காலை, பகல், இரவு என்று மூன்று வட்டம் போட்டுத் தரட்டும், அது உங்கள் உரிமை. மூன்று வேளை என்றால் எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று: பிரட்டுக்குப் போகும் முன் காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து. எங்கள் பக்கத்தில் தவறிப்போவது எப்போதும் அந்த இரண்டு மணி மாத்திரைதான், ஏனென்றால் அப்போது மலையில் நிரைக்குள் நிற்பார்கள், மருந்து லயத்தில் இருக்கும். ஒரு மாத்திரையை மட்டும் சின்ன டப்பாவில் போட்டு பகல் சாப்பாட்டுப் பார்சலோடு கட்டிக்கொள்ளுங்கள். அது சரிவராது என்று தெரிந்தால் முன்கூட்டியே டொக்டரிடம், "பகலில் போட முடியாது, இரண்டு வேளை மருந்தாகத் தர முடியுமா" என்று கேளுங்கள். கேட்டால் தருவார்கள். முழுவதும் வாங்கக் காசு போதாவிட்டால் அதையும் சொல்லுங்கள், விலை குறைந்த கம்பனி மருந்து இருக்கும், அரசாங்க மருந்துக் கடையான ஒசுசலவில் விலை விசாரிக்கலாம். பாதி வாங்கிப் பாதியில் நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

தொடங்கி மூன்று நாளில் கூடினாலோ, ஐந்து நாளாகியும் ஒரு மாற்றமும் இல்லாவிட்டாலோ அதே டொக்டரிடம் திரும்பிப் போங்கள். பக்கத்து வீட்டு மாமா சொன்ன வேறு மருந்துக்குத் தாவ வேண்டாம்.

சில அறிகுறிகளுக்கு நாள் எண்ணக்கூடாது, பாமசிக்கும் வரக்கூடாது. கண்ணைச் சுற்றி வீங்குவது, கண் பிதுங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது, நெற்றியில் வீக்கம், தாங்க முடியாத தலைவலியோடு கழுத்து விறைப்பது, நினைவு தடுமாறுவது, சீனி வருத்தக்காரருக்கு மூக்கிலிருந்து கறுப்பாக வருவது. உடனே 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். லயத்துக்கு வண்டி வர வழியில்லை என்றால் எந்த ரோட்டு முனைக்குக் கொண்டுவருகிறோம் என்பதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள், இரவில் ஒருவர் டோர்ச் பிடித்துக்கொண்டு அங்கே நிற்கட்டும்.

பிள்ளைகளுக்கு அளவு நிறையைப் பார்த்துத்தான், வயதைப் பார்த்து அல்ல, எனவே கடைசியாக நிறுத்துப் பார்த்த நிறையைச் சொல்லுங்கள். பவுடராக வரும் சிரப்பைக் கொதித்து ஆறிய தண்ணீரால் போத்தலின் கோடு வரை கரைக்க வேண்டும், பாமசியிலேயே கரைத்துத் தரச் சொல்வது நல்லது. கோஅமொக்சிகிளேவ் சிரப்பைக் கரைத்த பிறகு பிரிட்ஜில் வைத்து ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும். வீட்டில் பிரிட்ஜ் இல்லை என்றால் வாங்கும் முன்பே சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி, சமையல் கரண்டியால் இல்லாமல் அளவுச் சிரிஞ்சால் கொடுங்கள்.

12 கிழமைக்கு மேல் விடாமல் இருக்கும் பீனிசமும் வருடத்தில் நாலு தடவையோ அதற்கு மேலோ வந்து போவதும் வேறு கதை. அங்கே அன்டிபயோட்டிக்கைத் திரும்பத் திரும்பப் போடுவது வழியில்லை, மூக்கில் சதை வளர்ந்திருக்கிறதா, நடு எலும்பு வளைந்திருக்கிறதா, அலர்ஜியா என்று காது மூக்கு தொண்டை டொக்டர் பார்க்க வேண்டும். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பதுளையிலும் அந்த கிளினிக் இருக்கிறது, உங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஓ.பீ.டி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். போகும்போது இதுவரை எடுத்த மருந்துகளின் வெற்று அட்டைகளையும், எந்த மாதம் எடுத்தீர்கள் என்று அதன் பின்னால் பேனையால் குறித்து, ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள்.